ரவுண்ட்ஸ் போனாரா, பார்த்தாரா: கைப்பேசி எதற்குச் சாட்சி சொல்லும்?

வாசகர் கேள்வி

பெரிய அலுவலக வளாகம் ஒன்றின் பராமரிப்புப் பொறுப்பாளராக இருக்கிறேன். பம்புகள், ஜெனரேட்டர்கள், மின் பேனல் அறைகள், தீயணைப்புக் குழாய்கள் என்று மொத்தம் 46 இடங்களை, ஒவ்வொரு ஷிப்டிலும் ஒரு டெக்னீஷியன் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சுற்றிப் பார்த்து லாக் புக்கில் எழுத வேண்டும். நடக்க வேண்டிய தூரம் ஒரு சுற்றுக்கு ஒன்றரை கிலோமீட்டர். அண்மையில் இரவு ஷிப்டில் குளிர்நீர் பம்பு ஒன்றின் சுழல்தண்டைத் தாங்கும் பேரிங் இறுகி பம்பு நின்றுவிட்டது. லாக் புக்கில் அதற்கு முந்தைய நான்கு சுற்றுகளிலும் 'நார்மல்' என்று எழுதியிருக்கிறது. இனி எல்லாவற்றையும் கைப்பேசியில் பதிவு செய்ய வேண்டும் என்கிறது நிர்வாகம். தங்களை வேவு பார்க்கப்போகிறார்கள் என்று ஊழியர்கள் அஞ்சுகிறார்கள். ஒவ்வோர் இடத்திலும் ஒட்டி ஸ்கேன் செய்ய க்யூஆர் கோடு போதுமா, கைப்பேசியை அருகில் கொண்டுபோனால் படிக்கும் என்எஃப்சி டேக் (சிப் வைத்த சிறு வில்லை) வேண்டுமா? ஜிபிஎஸ் தேவையா? கட்டடத்தின் அடித்தளத்தில் (பேஸ்மென்டில்) சிக்னல் கிடையாது, அங்கே என்ன செய்வது? ஊழியர்களின் சொந்தக் கைப்பேசியையே பயன்படுத்தலாமா? நான்கு முறை 'நார்மல்' எழுதியவர் மீது நடவடிக்கை எடுக்க வேண்டுமா? மென்பொருள் நிறுவனம் மூன்றாண்டு ஒப்பந்தம் கேட்கிறது, கையெழுத்திடலாமா?

பதில்

நடவடிக்கை பற்றிய கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதற்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்தே மற்றவை அமையும். அவரைக் கூப்பிட்டு விசாரிப்பதற்கு முன் நீங்கள் கொடுத்திருக்கும் எண்களை ஒரு தாளில் கூட்டிப் பாருங்கள். ஓர் இடத்தில் நின்று கேஜைப் (அழுத்தம் போன்றவற்றைக் காட்டும் அளவுமானியை) பார்த்து, ஓசையைக் கேட்டு, கசிவு இருக்கிறதா என்று குனிந்து பார்த்து, எழுதி முடிக்க இரண்டு நிமிடம் என்று வைத்துக்கொண்டால் 46 இடங்களுக்கு 92 நிமிடம் ஆகும். ஒன்றரை கிலோமீட்டரைச் சாதாரண நடையில் கடக்க ஏறத்தாழ 20 நிமிடம். ஆக மொத்தம் 112 நிமிடம். மிச்சமிருக்கும் எட்டு நிமிடத்தில் அவர் தண்ணீர் குடிக்க வேண்டும், ஆறாவது மாடியில் ஏசி ஓடவில்லை என்று வரும் புகாருக்குப் போய்வர வேண்டும், அடுத்த சுற்றையும் தொடங்க வேண்டும். ஒழுங்காகச் செய்தால் முடிக்கவே முடியாத வேலையை ஒருவரிடம் கொடுத்தால், வேலை முடிந்ததாகக் காட்டும் கையெழுத்து மட்டுமே தவறாமல் கிடைக்கும். நிர்வாகத்துக்கும் அந்தக் கையெழுத்துதான் இத்தனை நாளும் போதுமானதாக இருந்திருக்கிறது.

இது உங்கள் வளாகத்துக்கு மட்டும் உரிய குறை என்று எண்ண வேண்டாம். 2019 ஆகஸ்டில் நியூயார்க்கின் கூட்டாட்சிச் சிறை ஒன்றில் கைதி ஒருவர் இறந்த இரவில், பணியில் இருந்த இரு காவலர்கள் சுற்று போகாமலேயே போனதாகப் படிவங்களில் கையெழுத்திட்டிருந்தது கண்காணிப்புக் கேமராப் பதிவுகளால் வெளிப்பட்டு வழக்கானது. இருவருமே கூடுதல் நேரப் பணியில் இருந்தவர்கள். பொய்க் கையெழுத்துக்கு அது நியாயமாகிவிடாது என்றாலும், பொய்க் கையெழுத்து எந்த மண்ணில் விளைகிறது என்பதை அது காட்டுகிறது.

உங்கள் பம்பு விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. பேரிங் பழுதாகும்போது பெரும்பாலும் முதலில் மாறுவது அதிர்வு, அதையும் கருவி வைத்துப் பார்த்தால்தான் தெரியும். காதுக்கு எட்டும் ஓசையும், உறையில் தெரியும் சூடும் அதற்குப் பிறகே வருகின்றன. லாக் புக்கில் அந்தப் பம்புக்கு 'நிலை' என்று ஒரே ஒரு கட்டம்தான் இருந்திருக்குமானால், ஓடிக்கொண்டிருக்கும் பம்பைப் பார்த்து 'நார்மல்' என்று எழுதியவர் பொய்யே சொல்லாமலும் இருந்திருக்கலாம். எனவே இப்போது நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. அவரையே உடன் அழைத்துக்கொண்டு, ஓர் இரவு முழுச் சுற்றையும் நீங்களே நடந்து பாருங்கள். எந்தக் கதவுக்குச் சாவி தேட வேண்டியிருக்கிறது, எந்தக் கேஜ் ஏணி வைத்தால் மட்டுமே தெரியும் உயரத்தில் இருக்கிறது, எந்த அறையில் விளக்கு எரியவில்லை என்பதெல்லாம் எந்த மென்பொருள் விற்பனையாளரும் உங்களுக்குச் சொல்லாத தகவல்கள்.

இனி கைப்பேசிக்கு வருவோம். சுற்று போகிறவர் உண்மையில் போனாரா என்று அறியக் கருவி தேடுவது ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுப் பழக்கம். கணிப்பொறியின் முன்னோடியாகக் கருதப்படும் சார்லஸ் பாபேஜ் 1832-இலேயே இரவுக் காவலர்களுக்கான ஒரு கருவியைப் பற்றி எழுதியிருக்கிறார். காவலர் நுழைய முடியாத அறையில் ஒரு கடிகாரமும், அவர் சுற்றும் பாதையில் அதனோடு இணைந்த ஒரு கயிறும் இருக்கும். மணிக்கொருமுறை அவர் அந்தக் கயிற்றை இழுக்க வேண்டும், எந்த மணியில் இழுக்கவில்லை என்பதைக் கருவி முதலாளிக்குக் காட்டிக்கொடுத்துவிடும். பின்னாளில் காவலரே கடிகாரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு போய், ஒவ்வோர் இடத்திலும் சுவரில் சங்கிலியால் கட்டப்பட்டிருக்கும் எண்ணிட்ட சாவியை அதில் செருகித் திருப்பும் முறை வந்தது. உள்ளே இருக்கும் காகிதத்தில் சாவியின் எண்ணும் நேரமும் பதியும். சாவிகளை நகலெடுத்துக்கொண்டால் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் திருப்பிவிடலாம் என்பது அதன் பலவீனம். சுவரில் ஒட்டிய க்யூஆர் கோடுகளைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, ஓய்வறையில் அமர்ந்தபடி மற்றொரு கைப்பேசியின் திரையிலிருந்து ஸ்கேன் செய்வது அதே சாவி வேலைதான்.

கயிறோ சாவியோ கைப்பேசியோ, அது சொல்லக்கூடிய சாட்சி ஒன்றே ஒன்றுதான்: இன்ன பொருள் இன்ன நேரத்தில் இன்ன இடத்தைத் தொட்டது. வந்தவர் கேஜைப் பார்த்தாரா, ஓசையைக் கவனித்தாரா என்பது அந்தச் சாட்சியின் வரம்புக்குள் வராது. காவல் சுற்றுக்கு இது போதும், அங்கே ஆள் நடமாட்டமே பாதி வேலை. உங்களுடையது ஆய்வுச் சுற்று. ஆளின் இருப்பிடத்தை எவ்வளவு துல்லியமாகப் பிடித்தாலும் பம்பின் நிலை அதில் தெரியாது. எனவே நிர்வாகத்திடம் பேசும்போது, இந்த முறை ஊழியரைப் பின்தொடர்வதற்கானது அல்ல, இயந்திரத்தின் நிலையைப் பின்தொடர்வதற்கானது என்று தொடக்கத்திலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கீழே நான் சொல்லும் ஒவ்வொரு தெரிவும் அதிலிருந்தே வருகிறது.

க்யூஆர் கோடா, என்எஃப்சியா என்ற கேள்விக்கு: முக்கியமான இயந்திரங்களுக்கு என்எஃப்சி டேக், மற்றவற்றுக்கு க்யூஆர். க்யூஆர் கோடு 1994-இல் ஜப்பானின் டென்சோ நிறுவனம் வாகன உதிரிபாகங்களை அடையாளம் காண உருவாக்கியது. மிக உயர்ந்த பிழைதிருத்த நிலையில் அச்சிட்டால் ஏறத்தாழ 30 சதவீதம் அழிந்தாலும் படிக்க முடியும் என்பதால் எண்ணெய்க் கறை படியும் இடத்தையும் ஓரளவு தாங்கும். ஆனால் மேலே சொன்னபடி, படத்துக்கும் அசலுக்கும் அதில் வேறுபாடு கிடையாது. என்எஃப்சி டேக் 13.56 மெகாஹெர்ட்ஸில் இயங்குவது, பேட்டரி தேவையில்லாதது, கைப்பேசியைச் சில சென்டிமீட்டர் நெருக்கத்துக்குக் கொண்டுபோனால்தான் படிக்கும். அதையும் நகலெடுக்கும் வழிகள் உண்டு. ஒவ்வொரு முறையும் வெவ்வேறு மறையாக்கக் குறியீட்டைத் தரும் டேக்குகளை வாங்கினால் அந்த வழியும் பெரும்பாலும் அடைபட்டுவிடும், ஆனால் உங்கள் வளாகத்துக்கு அது தேவையில்லாத செலவு என்றே நினைக்கிறேன். அருகில் வரும் கைப்பேசிக்குத் தானாகச் சமிக்ஞை அனுப்பும் புளூடூத் பீக்கன்களைத் தவிர்த்துவிடுங்கள். 'பக்கத்தில் எங்கோ இருக்கிறார்' என்பதற்கு மேல் அவை உறுதியாகச் சொல்வதில்லை, அவற்றின் பேட்டரியை மாற்றுவதே தனி ரவுண்ட்ஸ் ஆகிவிடும்.

டேக் வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாதாரண ஸ்டிக்கர் டேக்கை இரும்பு பேனல் கதவிலோ பம்பின் உறையிலோ நேரடியாக ஒட்டினால், உலோகத்தில் தூண்டப்படும் மின்னோட்டம் அதன் புலத்தைக் கெடுத்துவிடுவதால் கைப்பேசி அதைப் படிக்காது. உலோகப் பரப்புக்கென்றே, அந்தப் பாதிப்பைத் தடுக்கும் ஃபெரைட் என்ற காந்தப் பொருளின் அடுக்கு வைத்துச் செய்த டேக்குகளைக் கேட்டு வாங்குங்கள். இதைவிட முக்கியமானது ஒட்டும் இடம். பலர் வேலை சுலபமாக இருக்கட்டும் என்று அறைக்கதவின் நிலைச்சட்டத்தில் டேக்கை ஒட்டிவிடுகிறார்கள். கதவைத் திறக்காமலே கையை நீட்டித் தொட்டுவிட்டுப் போய்விடலாம், அதற்கு மேல் யாரும் எதிர்பார்க்கவும் முடியாது. கேஜின் முகத்துக்குப் பக்கத்தில், தொடுவதற்குக் குனிந்தால் பம்பின் அடியில் தேங்கிய நீர் கண்ணில் படும் உயரத்தில், பாதுகாப்பு உறைக்கு வெளியே, சுழலும் பகுதியின் அருகில் கை போகாதபடி அந்த டேக் இருக்க வேண்டும். ஒவ்வொரு டேக்கையும் எங்கே ஒட்டுவது என்பதை அந்தச் சுற்றைப் பல ஆண்டுகளாகப் போகும் மூத்த டெக்னீஷியனே தீர்மானிக்கட்டும்.

அடுத்தது கைப்பேசித் திரையில் வரும் படிவம். விலைப்புள்ளி கேட்கும்போது யாரும் இதைப் பற்றி விசாரிப்பதில்லை, ஆனால் இந்த முறை பிழைக்குமா சாகுமா என்பது பெரும்பாலும் இங்கேதான் முடிவாகிறது. விடியற்காலை மூன்று மணி, கட்டைவிரலில் கிரீஸ், பம்பின் சீலிலிருந்து (கசிவைத் தடுக்கும் அடைப்பிலிருந்து) சொட்டுச் சொட்டாக நீர் கசிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 'சரி' என்பதைத் தொட்டால் அடுத்த இடத்துக்குப் போய்விடலாம். 'சரியில்லை' என்பதைத் தொட்டாலோ என்ன வகைக் குறை என்று ஒரு பட்டியல் விரியும், பிறகு தீவிரம் எவ்வளவு என்று இன்னொரு பட்டியல், பிறகு கட்டாயமாக ஒரு படம், பிறகு இருபது எழுத்துக்குக் குறையாமல் ஒரு விளக்கம். கசிவைக் கண்டுபிடித்தவருக்குக் கிடைக்கும் பரிசு மூன்று நிமிடக் கூடுதல் வேலை. அடுத்த வாரம் அதே கசிவு அவர் கண்ணில் படாது, பட்டாலும் விரல் 'சரி'யைத்தான் தேடும். குறையைச் சொல்வதும் சரி என்று சொல்வதும் ஒரே அளவு எளிதாக இருக்க வேண்டும். ஒரு தொடுதலும் பத்து விநாடிக் குரல் பதிவும் போதும், வகையையும் தீவிரத்தையும் காலையில் சூப்பர்வைசர் நிரப்பிக்கொள்ளட்டும். அதேபோல் 'அனைத்தும் சரி' என்று ஒரே தொடுதலில் பத்துக் கட்டங்களையும் நிரப்பும் பொத்தான் இருந்தால் அதை நீக்கித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு நிறுவனத்தைப் பாருங்கள்.

முடிந்த இடங்களில் எல்லாம் 'நார்மல்' என்ற சொல்லை ஒழித்துவிட்டு எண்ணைக் கேளுங்கள். அழுத்தம் எத்தனை, மின்னோட்டம் எத்தனை ஆம்பியர், பேரிங் உறையின் வெப்பநிலை எத்தனை என்று கேட்டால், பதில் சொல்ல ஒருவர் பார்த்தாக வேண்டும். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. முந்தைய சுற்றின் எண்ணையும் அனுமதிக்கப்பட்ட வரம்பையும் கட்டத்துக்கு மேலேயே காட்டிவிட்டால், பார்க்காதவருக்கும் பதில் கிடைத்துவிடுகிறது. அவற்றை எண்ணைப் பதிந்த பிறகு காட்ட வேண்டும். 'போன முறை 52, இப்போது 61, மீண்டும் ஒருமுறை பாருங்கள்' என்று கைப்பேசி அப்போது சொன்னால் அது ஊழியருக்கு உதவி. முன்கூட்டியே சொன்னால் அது விடைத்தாள்.

எண்கள் சேர்ந்த பிறகு அவற்றைப் படிக்கவும் தெரிய வேண்டும். ஓடும் பம்பின் அழுத்தம் 4.1, 4.3, 4.2 என்று சற்றே ஆடிக்கொண்டிருக்கும். ஒரு மாதம் முழுவதும் 4.2 என்றே இருந்தால் கேஜின் முள் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது எழுதியவர் நாற்காலியில் ஒட்டிக்கொண்டிருக்கிறார். முதலில் முள்ளைச் சந்தேகியுங்கள். கேஜுக்குக் கீழே உள்ள சிறு வால்வை அடைத்து, உள்ளே இருக்கும் அழுத்தத்தை வெளியேற்றினால் முள் பூஜ்யத்துக்கு இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் பிரச்சினை ஆளிடம் இல்லை. அதேபோல் 200 மீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு டேக்குகள் பதினைந்து விநாடிக்குள் பதிவாகியிருந்தால், நடந்தால் இரண்டரை நிமிடமாவது ஆகும் தூரம் அது என்பதால், எங்கோ தவறு இருக்கிறது என்று தெரியும். ஆயினும் அந்தத் தவறு கைப்பேசிக் கடிகாரத்திலும் இருக்கலாம். தானாக எச்சரிக்கைக் கடிதம் போகும்படி மென்பொருளில் அமைத்துவிடாதீர்கள், ஒரு மனிதர் பார்த்த பிறகே யாரையும் கேட்க வேண்டும்.

46 இடங்களும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்பதையும் இப்போதே கலைத்துப் போடுங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் எதிரே, 'இந்த எண் மாறினால் யார் என்ன செய்வார்கள்?' என்று எழுதிப் பாருங்கள். விடை இல்லாத கட்டங்கள் வியப்பூட்டும் அளவுக்கு இருக்கும், அவற்றை நீக்கிவிடலாம். மிஞ்சியவற்றுக்கு இடைவெளியை இயந்திரத்தின் இயல்பு தீர்மானிக்கட்டும். ஒரு குறை கண்டறியக்கூடிய நிலைக்கு வந்ததிலிருந்து இயந்திரம் நிற்கும்வரை உள்ள காலத்தைப் பராமரிப்புத் துறையில் பி-எஃப் இடைவெளி என்பார்கள். அதில் பாதிக்கு மேற்படாத இடைவெளியில் சோதித்தால் குறை பெரும்பாலும் முன்கூட்டியே பிடிபடும். பேரிங்கின் அதிர்வை மாதம் ஒருமுறை கையடக்க அளவியால் பார்ப்பதும், வெப்பநிலையை ஷிப்டுக்கு ஒருமுறை பார்ப்பதும், இரண்டு மணிக்கொருமுறை எட்டிப் பார்ப்பதைவிட உங்கள் பம்பைக் காப்பாற்ற அதிக வாய்ப்புள்ள ஏற்பாடு. தீயணைப்பான்களுக்கு அமெரிக்காவின் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம் வகுத்த என்.எஃப்.பி.ஏ. 10 விதிமுறை கேட்பதே மாதாந்திரக் கண்பார்வைச் சோதனைதான். டீசல் தீயணைப்பு பம்பை வாரந்தோறும் 30 நிமிடம் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்கிறது என்.எஃப்.பி.ஏ. 25. உங்கள் நாட்டு விதி எதுவோ அதைப் பின்பற்றுங்கள், ஆனால் அதை இரண்டு மணி நேரச் சுற்றுக்குள் திணிக்க வேண்டிய தேவை இல்லை. இப்படிப் பிரித்தால் ஒரு சுற்றில் 46 இடங்கள் என்பது பதினைந்துக்கோ இருபதுக்கோ இறங்கும், டெக்னீஷியனுக்கு ஓர் இடத்தில் நின்று பார்க்க நேரமும் கிடைக்கும்.

அடித்தளத்தில் சிக்னல் இல்லாதது தடையே அல்ல, செயலி அதற்கென்று எழுதப்பட்டிருந்தால். பதிவு முதலில் கைப்பேசியிலேயே சேமிக்கப்பட்டு, சிக்னல் கிடைத்ததும் தானாக சர்வருக்குப் போக வேண்டும். ஒவ்வொரு பதிவிலும் இரண்டு நேரங்கள் தனித்தனியாக இருக்க வேண்டும்: பார்த்த நேரம், சர்வருக்கு வந்து சேர்ந்த நேரம். இரண்டாவதை மட்டும் வைத்துக்கொண்டு 'சுற்று தவறியது' என்று சிவப்பு காட்டும் மென்பொருள்கள் இருக்கின்றன, அவற்றால் நேர்மையான ஊழியர் ஒவ்வொரு காலையும் விளக்கம் சொல்ல வேண்டி வரும். ஒரே பதிவு அறுபட்ட இணைப்பில் இரண்டு முறை அனுப்பப்பட்டால் சர்வர் அதை ஒன்றாகவே கொள்ளும்படி பதிவுக்கென்று தனி அடையாள எண் இருக்க வேண்டும். கைப்பேசியின் கடிகாரத்தைக் கையால் மாற்ற முடியாதபடி பூட்டி வையுங்கள். ஆண்ட்ராய்டில், பேட்டரியை மிச்சப்படுத்தும் அமைப்பு பின்னணியில் இருக்கும் செயலியை உறங்க வைத்துவிடும், இந்தச் செயலிக்கு மட்டும் அதிலிருந்து விலக்குக் கொடுக்க மறக்காதீர்கள்.

ஜிபிஎஸ் வேண்டாம். திறந்த வானத்தின் கீழ்க் கைப்பேசி ஜிபிஎஸ் ஏறத்தாழ ஐந்து மீட்டர் துல்லியம் தரும். கட்டடத்துக்குள் அதை நம்ப முடியாது, எந்த மாடியில் இருக்கிறார் என்பதையும் அதை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. போலி இடத்தைக் காட்டும் வசதியும் ஆண்ட்ராய்டின் டெவலப்பர் அமைப்புகளிலேயே இருக்கிறது. கிலோமீட்டர் கணக்கில் நீளும் குழாய்ப் பாதையையோ மின்தடத்தையோ நடந்து பார்ப்பவர்களுக்கு அது பயன்படும். உங்கள் வளாகத்தில் அதனால் வரும் பயன் மிகக் குறைவு, அது கிளப்பும் அச்சமோ மிக அதிகம். இடைவிடாமல் இடத்தைப் பதிந்துகொண்டிருக்கும் கருவி, ஒருவர் கழிப்பறைக்குப் போனதையும் பதிந்துகொண்டிருக்கிறது என்பதை ஊழியர்கள் உங்களுக்கு முன்பே யோசித்திருப்பார்கள்.

அவர்களுடைய அச்சத்தைப் பேச்சால் போக்க முயல வேண்டாம், ஒரு பக்கக் கடிதமாக எழுதிக் கொடுங்கள். என்னென்ன பதிவாகும், யார் பார்ப்பார்கள், எத்தனை மாதம் வைத்திருந்து அழிக்கப்படும், ஷிப்ட் முடிந்ததும் செயலி எதையும் பதியாது, சம்பளப் பிடித்தத்துக்கும் வருகைப் பதிவுக்கும் இந்தத் தகவல் பயன்படாது என்பவை அதில் இருக்க வேண்டும். நிர்வாகம் கையெழுத்திட மறுக்கும் வரி எதுவோ, அதைப் பற்றித்தான் ஊழியர்கள் அஞ்சுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். நோக்கத்துக்குத் தேவையானதை மட்டுமே திரட்ட வேண்டும் என்பது 2018-இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதியின் அடிப்படைகளில் ஒன்று. வேறு நாடுகளிலும் இத்தகைய சட்டங்கள் வந்துவிட்டன, உங்களுக்குப் பொருந்துவதைச் சட்ட ஆலோசகரிடம் கேட்டு அந்தக் கடிதத்தில் சேருங்கள். தனியாக அடித்தளத்தில் வேலை செய்பவருக்கு ஓர் அவசர அழைப்புப் பொத்தானும், குறித்த நேரத்தில் அடுத்த டேக் பதிவாகவில்லை என்றால் கட்டுப்பாட்டு அறையிலிருந்து அவரைக் கூப்பிட்டு நலம் கேட்கும் ஏற்பாடும் இருந்தால், இந்தக் கைப்பேசி தனக்காகவும்தான் என்பது அவருக்கே விளங்கும். ஆனால் சிக்னல் இல்லாத இடத்தில் அந்தப் பொத்தான் வேலை செய்யாது என்பதால், அடித்தளத்துக்கு வைஃபையோ வாக்கி-டாக்கியோ தனியாக ஏற்பாடு செய்தாக வேண்டும்.

சொந்தக் கைப்பேசி கூடாது. பேட்டரி தீர்ந்தது, மெமரி நிறைந்தது, திரை உடைந்தது என்று ஒவ்வொன்றும் தகராறாகும், வேவு பார்க்கும் சந்தேகமும் வீடுவரை போகும். ஷிப்டுக்கு ஒன்று, மாற்றுக்கு ஒன்று என்று நிறுவனமே வாங்கட்டும். கையுறையோடு தொட்டால் வேலை செய்யும் திரையும், தூசியும் நீரும் புகாத ஐபி67 தரமும் போதும். கைப்பேசி பொதுவாக இருக்கலாம், ஆனால் உள்நுழைவு ஒவ்வொருவருக்கும் தனியாக இருக்க வேண்டும். ஒரே கடவுச்சொல்லை எல்லோரும் பகிர்ந்தால் பதிவுக்கு மதிப்பே இல்லை. அடையாள அட்டையிலேயே என்எஃப்சி இருந்தால் அதைத் தொட்டு நுழைவது எல்லாவற்றையும்விடச் சுலபம். எரிவாயு, கரைப்பான், பெயின்ட் சேமிப்பு போன்ற வெடிப்பு அபாயப் பகுதி ஏதேனும் உங்கள் 46 இடங்களில் இருந்தால், சாதாரணக் கைப்பேசியை அதற்குள் கொண்டுபோகவே கூடாது. அந்த மண்டலத்துக்கென ஏடெக்ஸ் அல்லது ஐஇசிஇஎக்ஸ் என்ற வெடிப்புப் பாதுகாப்புச் சான்று பெற்ற கருவி தேவை, இல்லையென்றால் அந்த இடத்துக்கு மட்டும் காகிதமே இருக்கட்டும்.

நிர்வாகம் திரையில் எதைப் பார்க்கப்போகிறது என்பதையும் நீங்களே முடிவு செய்துவிடுங்கள், விட்டால் 'சுற்றுகள் நிறைவு 100 சதவீதம்' என்ற ஒற்றை எண்ணைக் கேட்பார்கள். அந்த எண்ணைக் கேட்டால் அது கிடைக்கும், லாக் புக்கில் கிடைத்ததுபோலவே. 'போக முடியவில்லை, காரணம்: ஜெனரேட்டர் பழுது' என்று பதிவதற்கு இடம் கொடுத்து, அப்படிப் பதிந்தவரைக் கண்டிக்காமல் இருந்தால்தான் மற்ற பதிவுகளை நம்பலாம். நான் பார்க்கச் சொல்வது இரண்டு எண்களை. இயந்திரம் நிற்பதற்கு முன்பே சுற்றில் பிடிபட்ட குறைகள் எத்தனை, சொல்லப்பட்ட குறை சரிசெய்யப்பட எத்தனை நாள் ஆனது. இரண்டாவது எண் மேற்பார்வையாளர்களையும் நிர்வாகத்தையும் அளப்பது என்பதால் அதை மறைக்கத் தோன்றும், மறைக்க விடாதீர்கள். கசிவைப் பற்றி மூன்று முறை சொல்லியும் யாரும் வரவில்லை என்றால் நான்காவது முறை யாரும் சொல்லமாட்டார்கள். குறையைச் சொன்னவரின் கைப்பேசிக்கே 'சீல் மாற்றப்பட்டது' என்று செய்தி போகும்படி அமையுங்கள்.

தொடக்கத்தை ஒரே ஒரு பாதையோடு வைத்துக்கொள்ளுங்கள். பம்பு அறையும் அடித்தளமும் மட்டும், ஆறு வாரம். முதல் இரண்டு வாரம் லாக் புக்கும் கூடவே இருக்கட்டும், அதற்கு மேல் இரட்டை வேலை வாங்கினால் இரண்டுமே கெடும். ஆறு வாரத்தில் படிவம் நாலைந்து முறை மாறும், மாற வேண்டும். கட்டங்களை மாற்ற ஒவ்வொரு முறையும் மென்பொருள் நிறுவனத்துக்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்தால் அந்தச் செயலி உங்களுக்கு ஆகாது.

ஒப்பந்தத்தில் இப்போது கையெழுத்திட வேண்டாம். நிறுவனத்தின் பிரதிநிதியை உங்கள் அடித்தளத்துக்கே அழைத்துப் போய், கைப்பேசியை ஏரோபிளேன் மோடில் போட்டுப் பத்து டேக்குகளைப் பதியச் சொல்லுங்கள். பிறகு கைப்பேசியை அணைத்து மீண்டும் இயக்கி மேலே கொண்டுவந்தால், பத்தும் சரியான நேரத்தோடு, ஒன்றுகூட இரட்டிக்காமல் சர்வரில் இருக்க வேண்டும். பதிவுகள் முழுவதையும் எக்செல்லில் திறக்கக்கூடிய கோப்பாக எப்போது கேட்டாலும் கொடுப்போம், ஒப்பந்தம் முடிந்ததும் எங்களிடமுள்ள பிரதியை அழிப்போம் என்பவற்றை எழுத்தில் கேளுங்கள். இரண்டுக்கும் சம்மதித்தால் ஆறு வாரச் சோதனைக்குப் பின் ஓராண்டுக்குக் கையெழுத்திடலாம். மூன்றாண்டுக்குக் கிடைக்கும் தள்ளுபடியை விட்டுவிடுங்கள், அடுத்த ஆண்டு வேறு நிறுவனத்துக்கு மாறும் உரிமை அதைவிட மதிப்புள்ளது.